வேலை போனால் யார் பொறுப்பு?

(மும்பையில் நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வேலையின் நிச்சயமின்மை. வேலையில் இருப்பவனுக்கு, நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்ற அச்சம். வேலை போனவனுக்கு, அடுத்த வேலை கிடைக்கும் வரை அடுப்பு எரியுமா என்ற கவலை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். அந்த இடைக்காலத்தில் தொழிலாளியின் குடும்பத்தைத் தாங்க வேண்டியது யார் கடமை? அப்போது கிடைக்கும் உதவித்தொகை பிச்சையா, உரிமையா? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

இந்தக் கேள்வியை ஆட்சியாளரிடமும் முதலாளியிடமும் கேட்பதற்கு முன்னால் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனென்றால், வேலையில்லாதவனுக்குப் பணம் கொடுப்பதை எதிர்ப்பவர்கள் மாளிகைகளில் மட்டும் இல்லை. நம் சால்களிலும் சந்துகளிலும் இருக்கிறார்கள். "சும்மா இருக்கிறவனுக்குக் காசு கொடுத்தால் அவன் எதற்கு வேலைக்குப் போவான்?" என்கிறார்கள். "ஊருக்குப் போய் ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்கிறார்கள். "எல்லாருக்கும் கொடுக்க சர்க்காரிடம் பணம் ஏது?" என்கிறார்கள். இம்மூன்று பேச்சையும் நாம் தேநீர்க் கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறோம். இம்மூன்றுக்கும் பதில் சொல்லாமல் கோரிக்கை மனு எழுதிப் பயன் இல்லை. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சோம்பேறி என்ற பழி

வேலையில்லாதவன் சோம்பேறி என்ற எண்ணம் நம் நாட்டில் மட்டும் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டில் ஏழையர் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். உதவி கேட்டு வருகிறவனை ஏழையர் விடுதிக்குள் அடைக்க வேண்டும். அங்கே அவன் வாழ்வு, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைக்கிறவனின் வாழ்வைவிடக் கீழாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. உதவியைக் கசப்பாக்கினால் கேட்க வருகிறவர்கள் குறைவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கணவன் ஒரு பகுதியிலும் மனைவி ஒரு பகுதியிலும் பிள்ளைகள் ஒரு பகுதியிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டார்கள்.

அதே இங்கிலாந்து 1911ஆம் ஆண்டில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. கப்பல் கட்டுதல், கட்டடம், இயந்திரம் போன்ற சில தொழில்களில் தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு செலுத்தி, வேலை இல்லாத வாரங்களில் தொழிலாளிக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இந்த மாற்றத்துக்கு அனுபவமே காரணம். கப்பல் தளத்துக்கு ஆர்டர் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை என்பதையும், தொழிலாளியின் குணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் கண்ணால் கண்டார்கள்.

1929இல் உலகப் பொருளாதார நெருக்கடி வெடித்தது. 1933இன் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர். நாம் கேட்கிறோம்: மூன்றே ஆண்டுகளில் இத்தனை லட்சம் மனிதர்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்களா? பிறகு யுத்தம் வந்து தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடியபோது அதே மனிதர்கள் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டார்களா? வேலை இருந்தபோது அவர்கள் உழைத்தார்கள். வேலை இல்லாதபோது நின்றார்கள். அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நகரத்தையே பார்ப்போம். 1982 ஜனவரி 18 அன்று பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள், டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர். ஓராண்டுக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. 1983இல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. போராட்டத்துக்குப் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. இருபது ஆண்டுகள் தறியின் இரைச்சலில் காது மந்தமாகி, பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைத்து, மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி உழைத்த மனிதர்கள் அவர்கள். பின்னாளில் காய்கறி விற்றார்கள், காவலாளியாக நின்றார்கள், மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டை டப்பாவில் சுமந்து விற்றார்கள். இவர்களையா சோம்பேறி என்பது? ஆலைகள் இருந்த பரேலிலும் லோயர் பரேலிலும் இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. நிலத்துக்கு விலை கிடைத்தது. அந்த நிலத்தின் மேல் உழைத்தவனுக்கு வேலை கிடைக்கவில்லை.

2020 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவித்தார்கள். ஒரே இரவில் கோடிக்கணக்கானவர்களுக்கு வருமானம் நின்றது. தாராவியில் தோல் பை தைப்பவர், தையல் கூடத்தில் பொத்தான் கட்டுபவர், இட்லி வண்டிக்காரர், வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகள், எல்லாரும் ஒரே நாளில் வேலையற்றவர் ஆனார்கள். அன்று யாரும் யாரையும் சோம்பேறி என்று சொல்லவில்லை. ஏனென்றால் அன்று சொல்லுகிறவனுக்கும் வேலை இல்லை.

இதிலிருந்து நாம் ஒரு பாடம் கற்க வேண்டும். ஒருவனுக்கு வேலை போனால் அவன்மேல் குற்றம் காண்கிறோம்; ஊருக்கே வேலை போனால் காலத்தின் மேல் குற்றம் காண்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஆர்டர் குறைந்தது, ஒப்பந்தம் முடிந்தது, இயந்திரம் வந்தது, நிலத்தின் விலை ஏறியது. இவற்றில் எதையும் தொழிலாளி முடிவு செய்வதில்லை.

பதிலியும் துறைமுகத் தொழிலாளியும்

பழைய ஆலைத் தொழிலாளர்களுக்குப் 'பதிலி' என்ற சொல் நன்றாகத் தெரியும். தினமும் விடியற்காலையில் கேட் முன்னால் வந்து நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராவிட்டால் அந்த இடம் பதிலிக்கு. எல்லாரும் வந்துவிட்டால் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு. அந்தக் காலத்தில் யாரை உள்ளே விடுவது என்பது ஜாபரின் கையில் இருந்தது. அவனுக்கு மாமூல், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய். இப்படிப் பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் பதிலியாகவே இருந்து நரைத்தவர்கள் உண்டு. ஆலைக்கு அவன் தேவை. அவன் நிற்காவிட்டால் தறி நின்றுவிடும். ஆனால் நின்றதற்குக் கூலி இல்லை. ஆலையின் பாதுகாப்புக்காக அவன் செலவில் அவன் காத்திருந்தான்.

துறைமுகத்திலும் இதே கதைதான். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. ஆனால் அங்கே ஒரு மாற்றம் நடந்தது. 1948ஆம் ஆண்டில் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி பம்பாயில் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. தொழிலாளர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். முறை வைத்து வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. வந்து ஆஜராகியும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப் படி கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் முதலாளிகளிடம் வசூலித்த தீர்வையிலிருந்து. கப்பல் எப்போது வரும் என்று தெரியாததால் ஆட்களைக் காத்திருக்க வைக்கும் தொழில், அந்தக் காத்திருப்புக்கும் விலை கொடுக்கட்டும் என்பதே அதன் நியாயம்.

1969இல் மகாராஷ்டிரத்தில் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் வந்தது. அண்ணாசாஹேப் பாட்டீல் தலைமையில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற சட்டம் அது. ஒரு நாள் ஒரு கடையில், மறுநாள் மற்றொரு கடையில் மூட்டை தூக்குகிறவனுக்கு எவன் முதலாளி என்ற பழைய கேள்விக்கு அந்தச் சட்டம் பதில் சொன்னது. வியாபாரிகள் கூலியோடு சேர்த்துத் தீர்வையையும் வாரியத்தில் செலுத்த வேண்டும். அதிலிருந்து வைப்புநிதி, பணிக்கொடை, போனஸ், விடுப்பு எல்லாம் வாரியம் கொடுக்கும். முதலாளி மாறினாலும் உரிமை மாறாது.

இந்த இரண்டையும் நாம் மறந்துவிடக் கூடாது. நிலையில்லாத வேலைக்குப் பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு, இதே நகரத்தில், இதே துறைமுகத்திலும் சந்தையிலும் கொடுத்துக் காட்டினார்கள் என்பதே நம் பதில்.

"ஊருக்குப் போய்விடலாமே!"

இந்தப் பேச்சுக்கும் வயது அதிகம். 1929இல் பிரிட்டிஷ் சர்க்கார் விட்லி என்பவர் தலைமையில் இந்தியத் தொழிலாளர் பற்றி ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. 1931இல் அதன் அறிக்கை வந்தது. தொழிலாளியின் துன்பங்களைப் பற்றி அதில் நல்ல செய்திகள் பல உண்டு. ஜாபர்களின் கொடுமையையும் அது கண்டித்தது. ஆனால் நகரத் தொழிலாளிக்கும் கிராமத்துக்கும் உள்ள தொடர்பைக் காக்க வேண்டும், கஷ்ட காலத்தில் கிராமமே அவனுக்கு ஒரு காப்பீடு என்பது அதன் கருத்து. வேலையில்லாதோருக்கு நாடு தழுவிய காப்பீடு இங்கே இப்போது நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் முடிவு செய்தது.

கிராமம் நமக்குக் காப்பீடு என்கிறார்கள். அந்தக் காப்பீட்டுக்குத் தவணை கட்டுவது யார் என்று பார்த்தோமா?

நம்மில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சேலம், விழுப்புரம் பக்கத்தினரும் இருக்கிறார்கள். நிலம் இருந்து, மழை பெய்து, கிணற்றில் தண்ணீர் இருந்தால் எவன் ரயில் ஏறுவான்? நிலம் இல்லாததாலும், இருந்த கூலியும் சாதியின் பெயரால் குறைக்கப்பட்டதாலும் வந்தவர்கள் நாம். அந்த ஊருக்கு, வேலை போய்த் திரும்பிப் போனால் அங்கே நமக்கு என்ன காத்திருக்கிறது? மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய் காத்திருக்கிறாள். ஆயிரம் பீடி சுற்றினால் கிடைக்கும் கூலியில் அவள் அரிசி வாங்குகிறாள். அக்காவின் கம்மலும் தம்பி மனைவியின் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. பள்ளிக்கூடம் போன பெண் நின்றுவிடுகிறாள். விட்லி கமிஷன் சொன்ன காப்பீடு இதுதான்! முதலாளி செலுத்த வேண்டிய பங்கையும் சர்க்கார் செலுத்த வேண்டிய பங்கையும் சேர்த்து, நம் வீட்டுப் பெண்களே பீடியாகச் சுற்றிச் செலுத்துகிறார்கள்.

மூன்றாம் தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குக் குலதெய்வக் கோயில் கொடைக்குப் போய்வரும் ஊர் உண்டு; தங்கி உண்ணும் ஊர் இல்லை. 'ஊருக்குப் போ' என்பது அவர்களுக்கு விலாசம் இல்லாத கடிதம்.

பணம் எங்கிருந்து வரும்?

தோழர்களே, மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தொழில் வரி என்று ஒன்று பிடித்திருப்பார்கள். அது எதற்காக வந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

1972-73இல் மகாராஷ்டிரத்தில் கொடிய பஞ்சம். லட்சக்கணக்கான கிராம மக்கள் நிவாரண வேலைகளில் கல் உடைத்தார்கள். வி.எஸ்.பாகே என்ற தலைவர் வகுத்த வேலை உறுதித் திட்டத்தை மாநிலம் முழுவதும் விரித்தார்கள். கிராமத்தில் உடலுழைப்புக்குத் தயாராக இருக்கும் எவனும் வேலை கேட்கலாம். கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும் என்று 1977இல் சட்டம் செய்தார்கள். 1979 ஜனவரி 26 முதல் அது அமலுக்கு வந்தது. அதற்குப் பணம் திரட்டத்தான் 1975இல் தொழில் வரி போட்டார்கள். நகரத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் கொடுத்த வரிக்கு ஈடாகச் சர்க்காரும் ஒரு பங்கு போட்டது.

அதாவது பம்பாயில் வேலை பார்த்த தமிழன், மராத்வாடாவில் வேலையில்லாமல் நின்ற உழவுத் தொழிலாளிக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தான். அதில் நமக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். இந்த அனுபவத்தைப் பார்த்தே 2005இல் நாடு முழுவதற்கும் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதன் இடத்தில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மாற்றத்தின் நன்மை தீமையை வேறொரு நாள் பேசுவோம். இன்று நாம் கேட்பது ஒன்றே: கிராமத்தில் வேலையில்லாதவனுக்கு நகரத்தான் கொடுத்தது நியாயம் என்றால், நகரத்தில் வேலையில்லாதவனுக்குக் கொடுப்பது மட்டும் எப்படி அநியாயம் ஆகும்? கேரளம் 2010இல் அய்யன்காளி பெயரால் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. ராஜஸ்தான் 2022இல் தொடங்கியது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இவை சாட்சி.

இ.எஸ்.ஐ.யையும் பாருங்கள். அது யாருடைய தருமமும் அல்ல. 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். பதினைந்தாயிரம் சம்பளக்காரருக்கு மாதம் 112 ரூபாய் 50 காசு அவர் கையிலிருந்து போகிறது. 487 ரூபாய் 50 காசு முதலாளி கட்டுகிறார். இரண்டும் சேர்ந்து மாதம் 600, ஆண்டுக்கு 7,200. முதலாளி கட்டுவதும் நம் உழைப்பிலிருந்து வந்த பணம்தான். இதில் பெரும்பகுதி மருத்துவத்துக்குப் போகிறது, சரி. ஆனால் நாம் கட்டிய பணத்திலிருந்து நமக்கு வருவதை 'இலவசம்' என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை.

சட்டம் எதைத் தருகிறது?

நம் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய காலங்களில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதே பிரிவில் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்ற ஒரு சொல்லும் இருக்கிறது. அது வழிகாட்டு நெறிதான். அதைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. வாசல் திறந்திருக்கிறது, படிக்கட்டு கட்டப்படவில்லை.

1953இல் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தி இரண்டு உரிமைகள் தந்தார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தற்காலிகமாக வேலை நிறுத்தி வைத்தால் பாதிச் சம்பளம். ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும். இதற்கு ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். உடனே என்ன நடந்தது? 240ஆம் நாள் நெருங்கும்போது ஆளை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் புதிய பெயரில் சேர்ப்பது வழக்கமாயிற்று. பெரிய ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று 1976இல் விதி வந்தது. அன்று எல்லை 300 பேர். 1982இன் திருத்தம் அதை 100 ஆக்கியது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அதை மீண்டும் 300க்குக் கொண்டு போய்விட்டது. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவனின் காலம் முடிந்தால் அது ஆட்குறைப்பே அல்ல என்றும் அது சொல்கிறது. ஆட்குறைக்கப்பட்டவர் வேறு தொழில் கற்க ஒரு நிதி அமைத்து, முதலாளி 15 நாள் சம்பளத்தை அதில் செலுத்த, அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்ற புதிய விதியும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். ஆனால் யானைப் பசிக்கு இது சோளப்பொறி.

இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தவருக்கென இரண்டு திட்டங்கள் வந்தன. 2005 ஏப்ரலில் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்ற காரணங்களால் வேலை இழந்தவருக்கானது. முதலில் ஆறு மாதம் என்று தொடங்கி 24 மாதம் வரை உயர்ந்தது. முதல் ஓராண்டு பாதிச் சம்பளம், அடுத்த ஆண்டு கால் பங்கு. 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா 90 நாளுக்கு உதவி தந்தது. தொடக்கத்தில் சம்பளத்தில் கால் பங்கு. 2020 நெருக்கடியில் அரைப் பங்காக உயர்த்தினார்கள். முன்பு பழைய முதலாளி வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்ததை மாற்றி, தொழிலாளியே நேராக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கோரலாம் என்றும் செய்தார்கள்.

மேலே சொன்ன பதினைந்தாயிரம் சம்பளக்காரருக்கு இதில் கிடைப்பது எவ்வளவு? மாதம் 7,500 வீதம் மூன்று மாதம், 22,500 ரூபாய். அதுவும் ஆயுளில் ஒரு தடவை! ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒரு தடவைதான் வேலை போக வேண்டும் என்று சர்க்கார் விதி எழுதியது. நம் முதலாளிகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடுகளுக்கு வெளியே நிற்பவர்களே நம்மில் அதிகம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைக்காரர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், நாள்கூலிகள். மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் நம் பிள்ளைகளை 'கிக்' தொழிலாளர் என்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. ஆயுள் காப்பீடு, விபத்து, மகப்பேறு, முதுமை ஆகியவற்றைப் பேசும் அந்தப் பட்டியலில் வேலையிழப்பு என்று தனியாக இல்லை. அவர்களுக்கு வேலைநீக்கக் கடிதம்கூடக் கிடையாது. ஒரு நாள் காலையில் கைப்பேசி திறக்காது. அவ்வளவுதான். கேட் முன்னால் நின்ற பதிலியாவது ஜாபரின் முகத்தைப் பார்த்தான். இவனுக்குப் பார்க்க முகமும் இல்லை.

தமிழ்நாட்டு அரசு, பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்கும் இளைஞர்களுக்குப் படிப்புக்கு ஏற்ப மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. தொகை சிறியது. ஆனாலும் வேலையில்லாதவனை அரசு ஒரு மனிதனாக எண்ணிப் பட்டியலில் வைத்தது என்பது சிறியதல்ல. ஆனால் அங்கே குடியிருந்து அங்கே படித்தவர்க்கே அது. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

பசித்தவனைப் பசித்தவனோடு மோதவிடுதல்

இந்த உதவி இல்லாததால் முதலாளிக்கு என்ன லாபம் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். கேட்டுக்கு வெளியே பட்டினியோடு நூறு பேர் நின்றால், கேட்டுக்கு உள்ளே இருக்கிறவன் கூலி உயர்வு கேட்க மாட்டான். வீட்டில் மூன்று மாத அரிசி இருக்கிறவன் குறைந்த கூலிக்கு 'முடியாது' என்று சொல்வான். வேலையில்லாதவனுக்குக் கொடுக்கும் உதவித்தொகை, வேலையில் இருக்கிறவனின் கூலியையும் காக்கிறது. ஆகவே "எனக்கு வேலை இருக்கிறது, எனக்கு என்ன?" என்று கேட்கிற தோழர் தன் தட்டில் தானே மண் போடுகிறார்.

இன்னொரு கேடும் உண்டு. வேலை பற்றாக்குறையாகவும் பாதுகாப்பு இல்லாமலும் இருக்கும் ஊரில், 'வெளியூரான் வந்து பறித்துக்கொண்டான்' என்று சொல்வது எளிது. 1960களின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் அந்தப் பழி தென்னாட்டவர் மேல் விழுந்தது. நம் பெரியவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் பதுங்கிய நாட்கள் அவை. பிறகு 2008இல் அதே பழி வடநாட்டவர் மேல் விழுந்தது. இன்று தமிழ்நாட்டில் கட்டட வேலைக்கும் பின்னலாடை வேலைக்கும் வரும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களை நம்மவர்களில் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, பயந்துபோய் எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். இங்கே நாம் பட்டதை அங்கே இன்னொருவன் பட நாம் இடம் கொடுக்கலாமா? அவன் நம் வேலையைப் பறிக்கவில்லை. அவனையும் நம்மையும் ஒரே கேட் முன்னால் நிறுத்திக் குறைந்த கூலிக்கு ஏலம் விடுகிறார்கள்.

நாம் கேட்பதும் செய்ய வேண்டியதும்

நம் கோரிக்கைகள் வருமாறு:

1. வேலையிழப்பு உதவி ஆயுளில் ஒரு தடவை என்ற விதி ஒழிய வேண்டும். பங்கு செலுத்திய காலத்துக்கு ஏற்ப, வேலை போகும் ஒவ்வொரு தடவையும் கிடைக்க வேண்டும். தற்காலிகத் திட்டமாக நீட்டிக்கொண்டே போகாமல் நிரந்தர உரிமையாக வேண்டும்.

2. இ.எஸ்.ஐ.க்கு 2017இல் வைத்த 21,000 ரூபாய் போன்ற உச்சவரம்புகள் விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும். சம்பளம் சிறிது உயர்ந்ததற்காகப் பாதுகாப்பை இழப்பது அக்கிரமம்.

3. துறைமுகத்திலும் மாத்தாடித் தொழிலிலும் செய்தது போலக் கட்டடம், தையல், பொட்டல விநியோகம் ஆகிய தொழில்களில் தீர்வை வசூலித்து, வேலை இல்லாத நாளுக்குப் படி கொடுக்க வேண்டும்.

4. கிராமத்தைப் போல் நகரத்துக்கும் வேலை உறுதிச் சட்டம் வேண்டும். எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும், உழைக்கும் ஊரில் உரிமை வேண்டும்.

கோரிக்கை ஒரு கை. கடமை மறு கை. வேலைநீக்கம் செய்யும்போது "ராஜினாமா" என்று எழுதி வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. தானாக விலகியவர் என்று தாளில் வந்துவிட்டால் இழப்பீடும் போகும், இ.எஸ்.ஐ. உதவியும் போகும். "கையெழுத்துப் போட்டால்தான் இந்த மாதச் சம்பளம்" என்பார்கள். போடாதீர்கள்! வெள்ளைத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள்! மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய தாளைக் கொடுத்தால், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள். சம்பளச் சீட்டுகளையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் வைப்புநிதி எண்ணையும் வீட்டில் ஒரு பையில் போட்டு வையுங்கள். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் தெரியட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை போன மனிதர்கள் பலர் அதை வீட்டில் சொல்வதில்லை. காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, பகலெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் திரும்புகிறவர்கள் உண்டு. வெட்கத்தில் சங்கத்துக்கும் வருவதில்லை. கோரிக்கைக்கான காலம் கடந்துபோகிறது, வட்டிக்காரன் வந்துவிடுகிறான். வேலை போனது குற்றமல்ல என்று முதலில் வீட்டில் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் கிடைத்தால் அவர் நம் அலுவலகப் படியேறுவார்.

வேலையில் இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சாலில் எவருக்கு வேலை போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவரைக் கேலி பேசுகிறவர் வாயை அடையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவர் தாள்களையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் எழுத ஆள் இருக்கிறது. கூடவே கிளை அலுவலகத்துக்கு வரவும் ஆள் இருக்கிறது. பத்துப் பேர் தனித்தனியாகப் போனால் 'நாளைக்கு வா' என்பார்கள். பத்துப் பேரும் ஒன்றாகப் போவோம்.